நான் போகாத திருப்பதி

பிள்ளை,

போன வியாழக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பச்சைப் பொய். இந்த வரியை வாசித்தவுடன் மிச்சத்தை மூடி வைத்துவிட்டு உன் டொக்டருக்குப் போன் எடு. "எங்கட குடும்பத்தில இருக்கு, அம்மாவுக்கு இருக்கு" என்று சொல். ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று அவர் சொன்னது, குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை என்று நீ சொன்னதை நம்பி. நீ சொன்னது நான் சொன்னதை நம்பி. ஆகவே முதலில் அந்தப் போன். மற்றதையெல்லாம் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம். எனக்கு அவசரம் இல்லை, இனி எனக்கு எதிலும் அவசரம் இல்லை.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவிருக்கிறது. "அம்மா, நெஞ்சில ஒரு சின்னக் கட்டி மாதிரி. பயப்பிட ஒண்டும் இல்லையெண்டுதான் டொக்டர் சொல்லுறார். குடும்பத்தில ஆருக்கும் இருந்ததோ எண்டு கேக்கினம், அதுக்குத்தான் எடுத்தனான்" என்றாய். நான் அடுப்படியில் நின்றேன். உன் போன் ஸ்பீக்கரில் இருந்தது. டொரோண்டோவில் உன் மாமி தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம்கூட வெள்ளவத்தையில் எனக்குக் கேட்டது. "அவையளுக்கு அப்பிடியெல்லாம் இராது, சம்பந்தியைப் பாத்தால் தெரியாதே" என்று அவ பின்னால் நின்று சொன்னதும் கேட்டது. நான் வாய் கூசாமல், "சீ, எங்கட பரம்பரையில அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றேன். அதைச் சொல்லும்போது என் இடது பக்கத்தில் இருந்தது பஞ்சு வைத்துத் தைத்த உள்சட்டை. மூன்று வருடமாக அங்கே வேறொன்றும் இல்லை. நான் மெலிந்தது சீனி வருத்தத்தால் என்று உனக்குச் சொன்னேனே, அதுவும் பொய். என் இரத்தத்தில் சீனி ஒழுங்காகத்தான் இருக்கிறது, அது ஒன்றுதான் ஒழுங்காக இருக்கிறது.

இந்தச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் நீ சிங்கப்பூரில் வேலையாக இருந்தாய். சாதகம் பொருந்திவிட்டது என்று சொல்லப் புரோக்கர் ஐயா வீட்டுக்கு வந்தார். "மாப்பிள்ளை வீட்டார் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. குடும்பத்தில வருத்தம் துன்பம் ஏதும் இருக்கோ எண்டு மட்டும் விசாரிக்கச் சொன்னவை" என்றார். அப்பா சிரித்துக்கொண்டு, "எனக்குக் கொஞ்சம் பிரஷர், இவவுக்குக் கொஞ்சம் வாய். வேற வருத்தம் இல்லை" என்றார். புரோக்கரும் சிரித்தார். அதே கிழமை குளிக்கும்போது அது என் கையில் தட்டுப்பட்டது. சோப்பு நுரைக்குள் ஒரு கடலைப் பருப்பு மாதிரி. நான் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன், கழுவினால் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

வெள்ளவத்தையில் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணப் போனால், நம்பர் எடுத்துக் காத்திருக்கும் பத்துப் பேரில் ஏழு பேர் "நீங்கள் இன்னாரின்ர தங்கச்சியெல்லே?" என்று கேட்பார்கள். அதனால் நானும் அப்பாவும் ஆற்றைத் தாண்டி வத்தளைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் த்ரீவீலரில், பஸ்ஸில் ஏறினால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று. வழியில் பேலியகொடை மீன் சந்தை மணம் வந்தால் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அங்கேயிருந்த சிங்கள டொக்டர் நல்ல மனுஷன். வெட்டி எடுக்க வேண்டும், பிறகு ஆறு தரம் ஊசி ஏற்ற வேண்டும் என்றார். பிறகு பேனையை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். இதே ஊசியை அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறேன், செவ்வாய்க்கிழமை அங்கே வந்து பதியுங்கள், அங்கேயும் நான்தான் பார்ப்பேன் என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். எந்த டொக்டர் தனக்கு வாற காசை வேண்டாம் என்று சொல்லுவார்? அவர் சொன்னார். நான் நிமிர்ந்து இருந்து, "வீ டோன்ட் கோ தெயர், டொக்டர்" என்றேன்.

அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னாலே எங்கள் சனத்துக்கு என்ன வருத்தம் என்று விளங்கிவிடும். அவவை அங்க கொண்டு போகினமாம் என்று ஒருவர் சொன்னால், மற்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு எவ்வளவு நாளாம் என்று கேட்பார். அந்த வாசலில் என்னை யாராவது கண்டால் உன் கலியாணப் பேச்சு அன்றோடு முடிந்தது. அது ஒரு காரணம், உனக்குச் சொல்லக்கூடிய காரணம். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜிந்துப்பிட்டி, தெமட்டகொடைப் பக்கத்துச் சனத்தோடு ஒரே வாங்கில் இருந்து, கையில் கிளினிக் கொப்பியோடு, பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க என் உடம்பு கூசியது. காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் நாங்கள் என்று வளர்ந்துவிட்டேன். உனக்குச் சின்ன வயதில் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ஸ்பெஷலிஸ்டைத்தான் சனல் பண்ணினோம். அவர் எழுதித் தந்ததும் பனடோல்தான். அந்தப் பனடோலை ஓசியில் வாங்குவது மரியாதை இல்லை என்று நினைத்த பெண் நான்.

இனித் திருப்பதிக்கு வருகிறேன். ஒப்பரேஷனுக்கும் முதல் ஊசிக்கும் ஒரு மாதம் வேண்டும், ஊசி ஏற்றினால் தலைமயிர் கொட்டும். நாங்கள் இருக்கிற மாடிக் கட்டிடத்தில் பதினெட்டு வீடு, எல்லாம் எங்கள் ஆட்கள், எல்லோருக்கும் கண் இருக்கிறது. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "இந்தியாவுக்கு யாத்திரை போறம் எண்டு சொல்லுவம். பிள்ளையின்ர கலியாணத்துக்கு நேர்த்தி வைச்சு, திருப்பதியில முடி இறக்கினது எண்டு சொல்லுவம்" என்றார். நான் அவரைக் கும்பிடாத குறை. அட, இந்த மனுஷனுக்கு இவ்வளவு மூளை எங்கே இருந்தது என்று நினைத்தேன். சூட்கேஸோடு எல்லோருக்கும் கை காட்டிவிட்டு இறங்கி, வத்தளையில் ஒரு வாடகை அறையில் போய் இருந்தோம். வெட்டினார்கள், கட்டினார்கள், குழாயோடு படுத்திருந்தேன். முதல் ஊசிக்குப் பிறகு முடி கொட்டத் தொடங்க முன்னரே அப்பா தன் ஷேவிங் மெஷினால் என் தலையை வழித்துவிட்டார். வழித்து முடித்து, கையில் மயிரோடு நின்று அழுதார். வீட்டுக்குத் திரும்பியபோது கட்டிடமே என்னைக் கும்பிட்டது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தேன், பார்த்துக்கொள். "மகளுக்காகப் பொம்பிளை ஒராள் முடி குடுக்கிறதெண்டால் சும்மாவே?" என்றார்கள். பிறகுதான் லட்டு எங்கே என்று கேட்டார்கள். அப்பா தலைதெறிக்கச் செட்டியார் தெருவுக்கு ஓடி, ஒரு இனிப்புக் கடையில் பூந்தி லட்டு வாங்கிக்கொண்டு வந்து, கடைப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வாழையிலையில் சுற்றினார். ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்கள். உன் மாமிக்கும் செய்தி போனது. தெய்வ பக்தி உள்ள குடும்பம், இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று டொரோண்டோவில் இருந்து பதில் வந்தது. நீ வாழ்கிற வாழ்க்கை அந்த லட்டில் வந்தது.

காசு எப்படிப் போனது என்று நீ கேட்பாய், நீ அப்படித்தான், அப்பாவின் பிள்ளை. வீடு உன் சீதனம், உன் பெயரில் எழுதிவிட்டோம், அதைத் தொட முடியாது. வங்கியில் போட்டிருந்தது ஒப்பரேஷனோடு முடிந்தது. ஊசிக்கு என் தாலிக்கொடியை அடகு வைத்தோம். மீட்க முடியாது என்று தெரிந்ததும் விற்றோம். உன் கலியாணத்தில் நான் கட்டியிருந்தது இமிட்டேஷன். "அம்மா, உங்கட கொடி பொலிஷ் பண்ணி என்னமா மினுங்குது!" என்று நீ அதைத் தூக்கிப் பார்த்தாயே, என் உயிர் ஒரு தரம் போய் வந்தது. அப்பா அறுபத்தேழு வயதில் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் காசு மேசையில் போய் இருந்தார். வீட்டில் சும்மா இருக்க ஏலாமல் போகிறார் என்று உனக்குச் சொன்னோம். நீயும் அவருக்கு வேலையில் எவ்வளவு விருப்பம் என்று சிரித்தாய்.

இப்போது சொல்லப்போவது அப்பாவுக்கே போன வருடம்வரை தெரியாது. ஆறு ஊசியில் நான் ஏற்றியது நான்கு. மாப்பிள்ளை வீட்டார் வெளிநாட்டில் இருந்து அறுபது பேர் வருகிறார்கள், ஒரு நல்ல ஹோட்டலில் ஹோல் எடுங்கள் என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், குறை சொல்லக்கூடாது. ஹோலுக்கு முற்பணம் கட்ட வேண்டும், ஐந்தாம் ஊசிக்கும் கட்ட வேண்டும். கையில் இருந்தது ஒன்றுக்குத்தான். நான் ஒரு பின்னேரம் தனியாக ஆஸ்பத்திரிக்கென்று சொல்லிப் போய்விட்டு வந்து, "நாலோட காணுமாம், நல்லாச் சுகம் வந்திட்டுதாம்" என்று அப்பாவிடம் சொன்னேன். டொக்டரைப் பார்க்கவேயில்லை. கடற்கரைப் பக்கம் போய் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கல்லில் இருந்துவிட்டு வந்தேன். அப்பா சாமிப் படத்துக்கு முன் போய் நின்று கும்பிட்டார். எனக்கு அப்போதும் பயம் வரவில்லை பிள்ளை, மூளைக்கு அடங்காத ஒரு சந்தோஷம்தான் வந்தது. ஹோல் கிடைத்துவிட்டது என்று.

போன வருடம் முதுகில் நோ தொடங்கியது. எலும்புக்குள் போய்விட்டது. இந்த முறை காசும் இல்லை, மறைக்கக் கலியாணமும் இல்லை. நாங்கள் அந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். விடியப் புறப்பட்டுப் போய், கொப்பி பதிந்து, வாங்கில் இருந்தேன். அதே டொக்டர். என்னைக் கண்டவுடன் அடையாளம் கண்டுவிட்டார். "அம்மே, கலின் என்ட திபுணா" என்றார், முன்னமே வந்திருக்கலாமே என்று. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பிறகு, எத்தனை ஊசி ஏற்றினீர்கள், இடையில் ஏன் வராமல் விட்டீர்கள் என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, நாலோடு போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். வெளியே பஸ் ஹோல்ட்டுக்கு வந்து நின்றோம். அப்பா இரண்டு பஸ்ஸை விட்டார். பிறகு என் முகத்தைப் பாராமல், "வீட்டில வைச்சுக் கட்டியிருந்தால் தாலி பிள்ளையின்ர கழுத்தில ஏறாதோ?" என்று கேட்டார்.  

அங்கே இரண்டாம் முறை போனபோது எனக்கு முன் வரிசையில் எங்கள் மூன்றாம் மாடிக் கமலா அக்கா இருந்தா. ஒவ்வொரு செவ்வாயும் தெஹிவளையில் மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிப் போகிறவ. அவவின் மடியிலும் அதே கொப்பி. இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவ பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "வாரும், இதில இரும்" என்று இடம் விட்டா. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "நீர் திருப்பதியால வந்த மாசந்தான் எனக்கும் முதல் ஊசி. நீர் தந்த லட்டில பாதியைச் சாப்பிட்டுட்டு, மிச்சத்தைச் சாமித்தட்டில வைச்சிட்டுத்தான் வந்தனான். உம்மட நேர்த்தி எனக்கும் பலிக்கட்டும் எண்டு கும்பிட்டனான்" என்றா. என் மொட்டைத் தலை அப்போது இல்லை, முடி வளர்ந்திருந்தது. இருந்தும் அவ என் தலையைப் பார்த்தா. நான் சொல்லாமலே விளங்கிவிட்டது. கோபிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, நானும் சிரித்தேன், நேர்ஸ் எங்களைச் சத்தம் போட வேண்டாம் என்றா. பதினெட்டு வீட்டுக் கட்டிடத்தில் ஒருத்திக்கு ஒருத்தி ஒளித்து, இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்து செத்திருக்கிறோம்.

கமலா அக்கா ஆறும் முடித்தவ, காசில்லாமல், ஒழுங்காக. போன மாதம் அவவும் போய்விட்டா. ஆகவே, அம்மா அங்கே போயிருந்தால் பிழைத்திருப்பா என்று நான் உனக்குக் கதை சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. செத்த வீட்டில் பிள்ளைகள் ஹார்ட் அட்டாக் என்று சொன்னார்கள். வந்தவர்கள் என்னிடம் கேட்டபோது நானும், ஓம் ஹார்ட்தான், திடீரென்று என்று சொன்னேன். இவ்வளவும் பட்ட பிறகும், பிள்ளை, என் வாயில் வந்தது அதுதான்.

இலவசம் என்றாலும் எல்லாம் கிடைப்பதில்லை. இல்லாத மருந்தைத் துண்டில் எழுதித் தருகிறார்கள், வெளியில் வாங்குங்கள் என்று. அப்பா அந்தத் துண்டைக் கொண்டு கொட்டாஞ்சேனை வரை ஒவ்வொரு பார்மசியாக ஏறி இறங்குகிறார். குசினிக்கு அலுமாரி போட நீ அனுப்பிய காசு அந்தக் குளிசைகளில்தான் போனது. தச்சு வேலைப் பாஸ் இன்னும் வரவில்லை என்று மாதக்கணக்காக ஒரு அப்பாவித் தச்சனைப் பழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை வாசித்துவிட்டு இன்னும் காசு அனுப்பாதே. அந்தக் குளிசை நோவைத்தான் குறைக்கிறது, நாளைக் கூட்டுவதில்லை. டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடியும் வராதே. வந்து நீ என்ன செய்வாய், என் பக்கத்தில் இருந்து அழுவாய். உன் சோதனை முடியாமல் நீ இந்த வாசலுக்கு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி. ஆனாலும் தாய், சொல்லாமல் விட முடியவில்லை. உன் நாட்டில் டொக்டரைப் பார்க்கக் காசு கட்டத் தேவையில்லை என்கிறாய். அப்படியானால் கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்வது ஒன்றுதான் நீ கட்ட வேண்டியது, அதை ஒளிக்காதே. மருமகனிடம் இன்றைக்கே சொல். மாமியிடமும் சொல்லு, ஸ்பீக்கரில் இல்லாமல் நேரில். அவ என்னை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்பா. கேட்கட்டும், ஏமாந்தது அவதானே, அவவுக்கு உரிமை இருக்கிறது. அவ உன்னைக் குறைவாக ஒரு சொல் சொன்னால் மட்டும் என்னிடம் சொல், எனக்கு இன்னும் வாய் இருக்கிறது. உனக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தால், அவளுக்கு விளங்குகிற வயதில், அலங்காரம் எதுவும் இல்லாமல் இதைச் சொல். என்னால் உனக்குக் கொடுக்க முடிந்த சீதனத்தில் வீட்டை மட்டும்தான் உறுதிப் பத்திரத்தில் எழுதினோம், மற்றதை எழுதாமல் விட்டுவிட்டோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இவ்வளவும் எழுதியது இதைத் தள்ளிப்போடத்தான் என்று இப்போது எனக்கே தெரிகிறது. உன் பெரியம்மா, யாழ்ப்பாணத்தில் இறந்துபோன என் அக்கா, அவ அல்சரில் போகவில்லை. என்னை அப்பாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த மாதங்களில் அவ உள் அறையில் படுத்திருந்தா. மார்பில் புண் வெடித்து மணக்கும், உன் அம்மம்மா சாம்பிராணி போட்டுக்கொண்டே இருப்பா. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அறைக் கதவைப் பூட்டி, உள்ளே நெல்லு மூட்டை என்று சொன்னோம். அக்கா முனகாமல் இருப்பதற்காக வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தா. நான் தேத்தண்ணித் தட்டோடு அந்தக் கதவைத் தாண்டிப் போய், அப்பாவுக்கு முன் குனிந்து நின்றேன். அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறவர் அவர்தான், எனக்கு அது செய்யத் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார், முடிந்ததா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். இந்தப் பக்கத்தையும் அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன்.

டொக்டருக்கு மறுபடி எடு. ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்று சொல். வயது கேட்பார்கள். அம்மாவுக்கு ஐம்பத்தாறில் வந்தது. பெரியம்மாவுக்கு முப்பத்திரண்டில் வந்து, முப்பத்துநாலில் முடிந்தது. உனக்கு வருகிற ஆவணியோடு முப்பத்திரண்டு.